விரதம் முடிந்த மறுநாள்: புகையை ஒரேயடியாக நிறுத்த நினைப்பவர்களுக்கு

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் தைப்பூசத்துக்கு ஒன்றரை மாதம் முன்பே விரதம் தொடங்கிவிடும். நாளைக்கு ஒரு பெட்டி சிகரெட் ஊதும் ஆள்கூட அன்று காலை குளித்துத் திருநீறு பூசியதும் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடுவார். 48 நாள் தொடமாட்டார். யாரும் அவருக்கு மருந்து கொடுப்பதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து புத்தி சொல்வதுமில்லை. ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலில் காவடியை இறக்கிவைத்து வீடு திரும்புவார். மறுநாள் காலை ஒட்டுக்கடையில் தே தாரே (ஆற்றிய பால் தேநீர்) வரும்போது கூடவே ஒன்றைப் பற்றவைப்பார்.

நானும் மூன்று முறை இப்படித்தான் செய்தேன். 16 வயதில் பழகிய சிகரெட்டை 41 வயதில் விட்டேன். இப்போது ஒன்பது வருஷம் ஆகிறது. நான்காவது முறை மட்டும் எப்படி நிலைத்தது என்று யோசித்துப் பார்த்தால், நிறுத்துவது எனக்கு எப்போதுமே தெரிந்த வேலைதான். 49-ம் நாளுக்கு என்று நான் எந்த ஏற்பாடும் செய்துகொள்ளாததுதான் முன்பெல்லாம் என்னைக் கவிழ்த்தது. முதல் மூன்று நாளுக்கு ஒரு வகை ஆயத்தம் வேண்டும். அதற்குப் பின்னால் வரும் நாட்களுக்கு முற்றிலும் வேறு ஆயத்தம் வேண்டும். இரண்டையும் சேர்த்து, முதல்முறையாக நிறுத்தப் போகிற தோட்டத்து ஆட்களுக்காக இதை எழுதுகிறேன்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

ஒரு இழுப்பில் உள்ளே போகும் நிக்கோட்டின் பத்து இருபது வினாடிக்குள் மூளையைத் தொட்டுவிடும். மூளையில் அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. புகைக்கப் புகைக்க அவற்றின் எண்ணிக்கை கூடும். கூட்டில் வாய் பிளந்து நிற்கும் குஞ்சுகள் பெருகுவது மாதிரி. ரத்தத்தில் உள்ள நிக்கோட்டின் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. குறைந்ததும் குஞ்சுகள் கத்தத் தொடங்கும். அதைத்தான் நாம் “ஒன்னு ஊதினாத்தான் மனசு நிக்கும்” என்று சொல்கிறோம். உண்மையில் அந்த சிகரெட் புதிதாக எந்த நிம்மதியையும் கொண்டுவருவதில்லை. முந்தின சிகரெட் எழுதி வைத்த கடனை அடைத்துவிட்டு, தன் பங்குக்கு ஒரு கடனை எழுதிவிட்டுப் போகிறது.

நிறுத்திய நாலு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் தவிப்பு தலைகாட்டும். இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். பிறகு மெல்ல இறங்கி, பெரும்பாலோருக்கு இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் அடங்கிவிடும். எரிச்சல், பதற்றம், ஒரு இடத்தில் உட்கார முடியாமை, கவனம் சிதறுவது, தூக்கம் கெடுவது, மனம் சோர்ந்து போவது, அடங்காப் பசி ஆகியவை வழக்கமானவை. சிலருக்கு மலச்சிக்கல் வரும், வாயில் புண் வரும். நுரையீரல் தன்னைக் கழுவிக்கொள்ளத் தொடங்குவதால் இருமல் கூடுவதும் உண்டு. “விட்டதும்தான் இருமல் வந்துச்சு, எனக்கு ஒத்துக்கல” என்று சொல்லித் திரும்பப் போனவர்களை எனக்குத் தெரியும். உண்மையில் அது உடம்பு தேறுவதன் அடையாளம். ஆனால் மூன்று வாரத்துக்கு மேல் இருமினாலும், சளியில் ரத்தம் வந்தாலும் கிளினிக்கில் காட்டியே ஆக வேண்டும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நெஞ்சில் பாரம் ஏற்றி வைத்த மாதிரி வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சு முட்டுவது ஆகிய எதுவும் புகையை விட்டதால் வரும் தவிப்பு கிடையாது. உடனே 999-ஐக் கூப்பிடுங்கள்.

ஒரேயடியாகவா, குறைத்துக் குறைத்தா

இருபதைப் பத்தாக்கி, பத்தை ஐந்தாக்கி விடுகிறேன் என்பார்கள். நானும் சொன்னேன். ஐந்துக்கு வந்தபோது அந்த ஐந்தும் அமிர்தமாகிவிட்டது. நாள் முழுக்க அடுத்ததற்காகவே காத்துக் கிடந்தேன்.

இங்கிலாந்தில் 697 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2016-ல் வெளியானது. ஒரு பிரிவினர் குறித்த நாளில் சட்டென்று நிறுத்தினார்கள். மறு பிரிவினர் இரண்டு வாரம் குறைத்துக்கொண்டே வந்து, பிறகு நிறுத்தினார்கள். நான்கு வாரம் கழித்துப் பார்த்தபோது சட்டென்று விட்டவர்களில் 49 சதவீதம் பேர் தாக்குப்பிடித்திருந்தார்கள். குறைத்து விட்டவர்களில் 39 சதவீதம். ஆறு மாதத்தில் இது 22-ம் 15.5-மாக இறங்கியது. ஆக, ஒரேயடியாக விடுவது முரட்டுத்தனம் என்று யாராவது சொன்னால் கவலைப்பட வேண்டாம்.

ஆனால் அந்த ஆய்வில் இரண்டு பிரிவினருக்குமே தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டையும் ஆலோசனையும் கொடுத்தார்கள். இதைப் பலர் கவனிப்பதில்லை. எந்த உதவியும் இல்லாமல் மனபலத்தை மட்டும் நம்பி விடுகிறவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான் ஆறு மாதம், ஒரு வருஷம் தாண்டி நிற்கிறார்கள். சிகரெட்டை ஒரே நாளில் விடுவதும், தவிப்பைத் தணிக்க மருந்து எடுப்பதும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. “மருந்து வாங்கினா அது வைராக்கியம் இல்ல” என்கிற பேச்சு நம் ஆட்களிடம் நிறைய இருக்கிறது. கால் உடைந்தவன் கோலூன்றி நடந்தால் அதை யாரும் குறை சொல்வதில்லையே.

முதல் வேலை: 555 புத்தகம்

கடைக்கணக்கு எழுதும் சின்ன 555 புத்தகம் ஒன்று வாங்குங்கள். ஒரு வாரம் வழக்கம்போலவே புகையுங்கள். ஆனால் ஒவ்வொன்றையும் பற்றவைக்கும் முன் நேரம், இடம், பக்கத்தில் இருந்த ஆள், காரணம் நான்கையும் அதில் எழுதுங்கள். வாரம் முடிந்ததும் உட்கார்ந்து படியுங்கள். உங்கள் எதிரிகளின் பெயர்ப்பட்டியல் அதில் இருக்கும்.

நான் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினேன். என் புத்தகத்தில் பாதிக்கு மேல் ஒரே இடம்தான்: ஆலையில் தராசுக்குக் காத்திருக்கும் லாரி வரிசை. அங்கே நின்ற இரண்டு மணி நேரத்தில் ஆறு சிகரெட். பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டும் என் மச்சான் எழுதியது வேறு மாதிரி. விடியற்காலை எழுந்ததும் முகம் கழுவும் முன் ஒன்று, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் நுழையும்போது கொசுவுக்காக ஒன்று, வெட்டு முடிந்து பால் வடியக் காத்திருக்கும்போது மூன்று.

அந்தக் கொசு விஷயத்தை நான் சாக்கு என்று ஒதுக்கவில்லை. பால்மரக் காட்டில் விடியற்காலைக் கொசு எப்படிக் கடிக்கும் என்று அங்கே நின்றவனுக்குத்தான் தெரியும். கொசுவத்திச் சுருளைத் தகர டப்பாவில் வைத்து இடுப்பில் தொங்கவிடும் பழக்கம் தோட்டத்தில் ஏற்கெனவே உண்டு. அதை எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறிஞ்சும் அட்டைக்காகப் புகையிலையைக் காலுறைக்குள் வைப்பவர்கள் சோப்பையோ உப்பையோ வைக்கலாம். பட்டியலில் உள்ள ஒவ்வொரு இடத்துக்கும் இப்படி ஒரு மாற்றை முன்கூட்டியே எழுதி வைத்தால்தான் அந்த நேரத்தில் கை தடுமாறாது. ஆலை வரிசையில் நிற்கும்போது நான் லாரியை விட்டு இறங்கி டயர் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு நடந்தேன். ஈப்போ புந்தோங்கில் செய்யும் கச்சாங் பூத்தே (வறுத்த கடலை வகை) பொட்டலம் ஒன்று எப்போதும் சட்டைப் பையில் இருந்தது. முன்பு சிகரெட் பெட்டி இருந்த அதே பையில்.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கணக்கு போடுங்கள். வரி கட்டிய சிகரெட் ஒரு பெட்டி 17 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல். நாளைக்கு ஒரு பெட்டி என்றால் மாதம் 510 வெள்ளி. 2025-ல் வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. பத்தில் மூன்று பங்கு புகையாகிறது. இதைப் பார்த்துவிட்டு மலிவான கள்ள சிகரெட்டுக்கு மாறுகிறவர்கள்தான் அதிகம். பணம் மிஞ்சும், நெஞ்சுக்கு ஒரு மிச்சமும் இல்லை.

நாள் குறிப்பது

இரண்டு வாரத்துக்குள் வருகிற ஒரு நாளாக இருக்கட்டும். சம்பள நாளும் கல்யாண வாரமும் வேண்டாம். வேலை நாளா ஓய்வு நாளா என்பது 555 புத்தகத்தைப் பொறுத்தது. வீட்டில் சும்மா இருந்தால் அதிகம் புகைப்பவர் வேலை நாளில் தொடங்கட்டும். வேலையிடம்தான் எதிரி என்றால் சனிக்கிழமை நல்லது, முதல் இரண்டு நாள் வீட்டோடு கழியும். விரத நாளோடு சேர்த்துத் தொடங்குவதை நான் ஆதரிக்கிறேன். ஊரே உங்களைக் காக்கும். யாரும் நீட்டமாட்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை: சாமியிடம் வேண்டும்போது 48 நாள் என்று எண்ணிக்கை சொல்லாதீர்கள்.

வீட்டாரிடம் நாளைச் சொல்லிவிடுங்கள். “மூனு நாலு நாளைக்கு எரிஞ்சு விழுவேன், மனசுல வெச்சுக்காதே” என்று மனைவியிடம் முதலிலேயே சொன்னேன். முந்தைய மூன்று முறையும் அவள் பட்டதை நான் யோசித்ததே இல்லை. நான்காம் முறை அவள் பிள்ளைகளையும் கூப்பிட்டுச் சொல்லி வைத்தாள்.

முந்தின இரவு பெட்டி, லைட்டர், சாம்பல் தட்டு எல்லாம் வெளியே போக வேண்டும். மோட்டார் சீட்டுக்கு அடியில், மழைச்சட்டைப் பையில், சாமி மேடைக்குப் பின்னால் என்று ஒளித்து வைத்த இடம் ஒவ்வொருவருக்கும் இருக்கும். “அவசரத்துக்கு ஒன்னு இருக்கட்டும்” என்று விட்டுவைத்தால் மூன்றாம் நாள் ராத்திரி அது உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்.

முதல் நாள்

எழுந்ததும் நேரே குளிக்கப் போங்கள். பசியாறும் இடத்தை மாற்றுங்கள். எந்தக் கடையில் வழக்கமாக உட்கார்வீர்களோ அங்கே இரண்டு வாரம் போகாதீர்கள். போய்த்தான் ஆக வேண்டும் என்றால் உள்ளே நடுவில் உட்காருங்கள். 2019 ஜனவரி 1 முதல் சாப்பாட்டுக் கடைகளில் புகைக்கத் தடை இருக்கிறது. 2024 அக்டோபர் 1-ல் புதிய சட்டமும் வந்துவிட்டது. புகைக்கிற கூட்டம் மூன்று மீட்டர் தள்ளி ரோட்டோரம்தான் நிற்க வேண்டும். அந்தக் கூட்டத்தோடு பேச எழுந்து போகாமல் இருந்தால் போதும், சட்டமே உங்களுக்குக் காவல்.

ஆசை வரும்போது அது ஏறிக்கொண்டே போகும் என்று தோன்றும். அப்படி ஏறுவதில்லை. பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நிமிஷத்தில் தானாக இறங்கிவிடும். கைக்கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு குவளைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். மூக்கால் மெதுவாக இழுத்து வாயால் நீளமாக விடுங்கள், பத்து தடவை. வாய்க்கு ஏலக்காய், சோம்பு, வறுத்த கடலை. பாக்கு மட்டும் வேண்டவே வேண்டாம், காரணம் கீழே வருகிறது. கை சும்மா இருக்கக் கூடாது. என் நண்பர் ஒருவர் முதல் வாரம் முழுக்க வீட்டுக்குப் பின்னால் மரவள்ளிக்குப் பாத்தி வெட்டினார்.

ஐந்து நிமிஷம் கடந்ததும் 555 புத்தகத்தில் ஒரு கோடு போடுங்கள். முதல் நாள் எனக்கு முப்பதுக்கு மேல் கோடு. எட்டாம் நாள் ஏழு. எண்ணிக்கை இறங்குவதைக் கண்ணால் பார்ப்பது பெரிய தெம்பு.

இரண்டும் மூன்றும்

இந்த இரண்டு நாளைப் பற்றி அழகாகச் சொல்ல எதுவும் இல்லை. கஷ்டம்தான். தலை கனக்கும், யார் பேசினாலும் கோபம் வரும், காரணம் இல்லாமல் அழுகைகூட வரும். லாரி ஓட்டுகிறவர்களும் உயரத்தில் குலை வெட்டுகிறவர்களும் கவனம் சிதறும் என்பதை நினைவில் வைத்து நிதானமாக வேலை செய்ய வேண்டும். முடிந்தால் வேலையை மேற்பார்வை பார்க்கும் மண்டோரிடம் சொல்லி வையுங்கள். பெரிய முடிவு எதையும் இந்த நாட்களில் எடுக்காதீர்கள். தங்கச்சி வீட்டுச் சண்டையைப் பேசித் தீர்க்கவும் போகாதீர்கள்.

ராத்திரி விழிப்பு வந்தால் படுக்கையில் புரளாமல் எழுந்து உட்காருங்கள். புகைப்பது மாதிரி கனவு வந்து திடுக்கிட்டு எழுவீர்கள். பலருக்கும் வருவதுதான். கனவில் பிடித்ததற்குக் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

கோப்பி விஷயம்

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் முதல் மூன்று முறையும் எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தோட்டத்து ஆள் நாளைக்கு நாலைந்து கோப்பி ஓ (பால் சேர்க்காத காப்பி) குடிப்பார். சிகரெட் புகையில் உள்ள தார்ப் பொருட்கள் கல்லீரலை முடுக்கிவிட்டு, காப்பியில் உள்ள காஃபீனை வேகமாக உடைத்து வெளியேற்ற வைக்கின்றன. இது நிக்கோட்டின் செய்யும் வேலை அல்ல, புகை செய்யும் வேலை. புகையை நிறுத்திய சில நாட்களில் கல்லீரல் தன் பழைய நிதானத்துக்குத் திரும்பிவிடும். நீங்கள் குடிப்பது அதே ஐந்து கோப்பிதான், ஆனால் ரத்தத்தில் தங்கும் காஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்காகலாம். படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை, எரிச்சல் எல்லாம் வரும். அதை எல்லாம் நாம் சிகரெட் இல்லாத குறை என்று நினைத்து, ஒன்றைப் பற்றவைத்துவிடுகிறோம்.

செய்ய வேண்டியது எளிது. நிறுத்தும் நாளிலிருந்து கோப்பியையும் தே தாரேயையும் பாதியாக்குங்கள். முழுக்க விட வேண்டாம், அதற்கும் ஒரு தலைவலி வரும். மதியம் மூன்று மணிக்கு மேல் வேண்டாம். நிக்கோட்டின் பட்டை ஒட்டியிருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது, ஏனென்றால் பட்டையில் புகை இல்லை.

இதே காரணத்தால் சில மருந்துகளின் அளவும் மாறும். ஆஸ்துமாவுக்கு தியோஃபிலின், மனநலத்துக்கு ஒலன்சாபின் அல்லது குளோசாபின் எடுப்பவர்கள் நாள் குறிக்கும் முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டும். இன்சுலின் போடும் நீரிழிவுக்காரர்களும், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களும் அப்படியே. நம் ஆட்களில் இனிப்பு நீர் இல்லாத வீடு குறைவு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். முதல் சில வாரம் சர்க்கரையை அடிக்கடி பாருங்கள்.

கிளினிக்குக்குப் போவது

நாட்டில் பல அரசாங்க சுகாதார கிளினிக்குகளில் புகை நிறுத்தும் சேவை இருக்கிறது. குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி. சுகாதார அமைச்சின் ‘ஜோம்குவிட்’ இணையத்தளத்திலும் பதியலாம். பிள்ளைகளிடம் கைபேசியைக் கொடுத்தால் ஐந்து நிமிஷத்தில் முடித்துத் தருவார்கள். முகப்பில் “மாவ் பெர்ஹெந்தி மெரோகோக்” என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட் என்று அங்கே கேட்பார்கள். அரை மணிக்குள் என்றால் அடிமைத்தனம் ஆழமானது என்று அர்த்தம், மருந்தின் அளவை அதை வைத்தும் முடிவு செய்வார்கள். நிக்கோட்டின் பட்டை ஒட்டுகிறவர்கள் முடியில்லாத, காய்ந்த தோலில், தினமும் இடம் மாற்றி ஒட்ட வேண்டும். காட்டு வேலையில் வியர்த்துக் கழன்று போகும் என்பதால் மேல் முதுகு நல்லது. ராத்திரி கனவு தொல்லை தந்தால் படுக்கும் முன் எடுத்துவிடலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நிக்கோட்டின் சூயிங்கத்தை மிட்டாய் மாதிரி மெல்லக் கூடாது. காரம் ஏறும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைத்து, காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். அரை மணி வரை வரும். அதற்குக் கால் மணி முன்பிருந்தே கோப்பி, சோடா வேண்டாம். கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் இவற்றைக் கடையில் தாங்களாக வாங்காமல் டாக்டரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

வேப்புக்கு (மின்சிகரெட்) மாறலாமா என்று இளவட்டங்கள் கேட்கிறார்கள். உள்ளே போவது அதே நிக்கோட்டின்தான், அடிமைத்தனம் அப்படியே இருக்கும். பட்டையில் மெதுவாகக் குறைத்து முடிப்பதற்கு ஒரு கால அளவு உண்டு. வேப்புக்கு நம் ஊரில் அப்படி ஒரு முடிவு நாள் வைத்து யாரும் பிடித்து நான் பார்த்ததில்லை.

தண்ணியையும் சேர்த்து விடுகிறவர்களுக்கு

விரதம் என்றால் சம்சு சாராயமும் பீரும் சேர்ந்தே நிற்கும். சிகரெட்டைச் சட்டென்று நிறுத்தினால் தவிப்பு வரும், உயிருக்கு ஆபத்து வராது. தினமும் அதிகமாகக் குடிப்பவர் மதுவைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி பேதலிக்கலாம், உயிரே போகலாம். காலையில் எழுந்ததும் கை நடுங்கி, குடித்தால்தான் நிற்கும் என்ற நிலையில் இருப்பவர் டாக்டரைப் பார்க்காமல் குடியை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. விரதமே ஆனாலும் சரி. அப்பன் முருகன் அதைக் கேட்க மாட்டான்.

எப்போதாவது குடிப்பவர்கள் முதல் மாதம் குடி நடக்கும் இடத்துக்கே போகாமல் இருப்பது நல்லது. இரண்டாம் குவளைக்குப் பிறகு 555 புத்தகம் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.

வெற்றிலையோடு புகையிலை

என் அம்மா பால்மரம் வெட்டியவர். சிகரெட்டைத் தொட்டதில்லை, ஆனால் கன்னத்தில் எப்போதும் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. தோட்டத்துப் பெண்களிடம் பழைய நாளிலிருந்து இருக்கும் பழக்கம் இது. புகை இல்லாததால் இதை யாரும் ‘பழக்கம்’ என்று கணக்கில் எடுப்பதில்லை. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களிடம்தான் மற்ற இனத்தவரைவிட அதிகம், அதற்கு இந்தச் சவைப்புதான் பெரிய காரணம். புகையிலையை எடுத்துவிட்டு வெறும் பாக்கு போட்டாலும் தப்ப முடியாது. பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகாமை 2004-ல் வகைப்படுத்திவிட்டது.

நிறுத்தும் வழி ஏறக்குறைய இதேதான். தவிப்பின் நாட்கணக்கும் அதேதான். காஃபீன் விஷயம் மட்டும் இதற்குப் பொருந்தாது, ஏனென்றால் புகை கிடையாது. வெற்றிலைப் பெட்டியை எடுத்து வைத்துவிட்டு ஏலக்காயும் சோம்பும் போட்ட டப்பாவை மடியில் கொடுங்கள். வாயில் வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ இருந்தாலும், வாய் முழுசாகத் திறக்க முடியாவிட்டாலும், இரண்டு வாரத்தில் ஆறாத புண் இருந்தாலும் பல் டாக்டரிடம் உடனே கூட்டிப் போக வேண்டும். பாட்டி “ஒன்னும் இல்லடா” என்பார். கூட்டிப் போங்கள்.

இரண்டாம் வாரம் முதல்

உடம்பின் சத்தம் இறங்க, வயிறு பேசத் தொடங்கும். நாக்குக்கு ருசி திரும்பும். முதல் வருஷத்தில் சராசரியாக நாலைந்து கிலோ ஏறும். அதற்குப் பயந்து திரும்பப் போகாதீர்கள், அந்த எடையைவிட சிகரெட் பல மடங்கு கெடுதல். ராத்திரி சோற்றைக் குறைத்து, பப்பாளியும் கீரையும் சேர்த்துக்கொண்டால் மலச்சிக்கலுக்கும் ஆகும். சாயங்காலம் அரை மணி நேரம் நடக்கலாம்.

மனச்சோர்வு மட்டும் கவனிக்க வேண்டியது. பெரும்பாலும் சில வாரத்தில் தெளியும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் நினைப்பு எட்டிப் பார்த்தாலோ தள்ளிப் போடாதீர்கள். சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555. கூப்பிட்டுப் பேசலாம்.

“இந்த வயசுல விட்டு என்ன ஆகப் போகுது” என்று பெரியவர்கள் கேட்பார்கள். பிரிட்டனில் ரிச்சர்ட் டால் குழுவினர் 1951 முதல் ஐம்பது வருஷம் மருத்துவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 60 வயதில் விட்டவர்களுக்கு ஏறக்குறைய மூன்று வருஷ ஆயுள் மிஞ்சியது, 50-ல் விட்டவர்களுக்கு ஆறு, 40-ல் ஒன்பது, 30-ல் பத்து. அறுபது வயதுக்காரருக்கு அந்த மூன்று வருஷம் என்றால் ஒரு பேத்தி பால்வாடியிலிருந்து ஒன்றாம் வகுப்புக்குப் போகும் காலம்.

வழுக்கிவிட்டால்

ஒன்றைப் பிடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மிச்சப் பெட்டியை அங்கேயே நசுக்கிப் போடுங்கள். “போச்சு, அடுத்த தைப்பூசத்துக்குப் பார்க்கலாம்” என்ற நினைப்புதான் அந்த ஒன்றைவிட ஆபத்து. எங்கே, யாரோடு, எதனால் என்று 555-ல் எழுதுங்கள். அந்த நிமிஷத்திலிருந்தே தொடருங்கள். பலரும் பல தடவை முயன்ற பிறகுதான் விடுகிறார்கள். எனக்கு நாலு தடவை ஆனது.

49-ம் நாள்

48 நாள் கடந்தவரின் உடம்பில் நிக்கோட்டின் பசி எப்போதோ அடங்கியிருக்கும். பெருகிய ஏற்பிகள்கூடப் பெரும்பாலும் பழைய அளவுக்குக் குறைந்திருக்கும். அந்தக் காலை ஒட்டுக்கடையில் நான் பற்றவைத்தபோது உடம்பு கேட்டுப் பற்றவைக்கவில்லை. முதல் இழுப்பில் தலை சுற்றியது, குமட்டியது. உடம்பு வேண்டாம் என்று சொல்லியும் நான் பிடித்தேன். விரதம் முடிந்தது, இனி பழைய ஆள் என்று மனசு ஒரு கணக்கு வைத்திருந்தது. பக்கத்தில் இருந்தவர் “அண்ணே, அதான் சாமிக்குச் செஞ்சாச்சே, ஒரே ஒரு இழுப்பு” என்று நீட்டினார். சாயங்காலத்துக்குள் ஆறு. அந்த வாரக் கடைசியில் ஒரு பெட்டி.

நான்காம் முறை 49-ம் நாள் காலையை ஒரு மாதம் முன்பே முடிவு செய்து வைத்தேன். கடைக்குப் போகவில்லை. மனைவி வீட்டிலேயே தோசை ஊற்றினாள். மகனை மோட்டாரில் ஏற்றிப் பள்ளிக்கு நானே கொண்டுபோய் விட்டேன். மூன்று முறையும் எனக்கு நீட்டிய அதே நண்பரிடம் விரதத்தின் கடைசி வாரமே போய், “இனி எனக்கு நீட்டாதீங்க, கேட்டாலும் கொடுக்காதீங்க” என்று சொல்லி வைத்தேன். அவர் சங்கடப்பட்டார், ஆனால் இன்றுவரை நீட்டியதில்லை. நீங்களும் விரதத்தோடு தொடங்கினால் அந்த ஒரு காலையை மணிக்கணக்காக எழுதி வையுங்கள்: எழுந்ததும் என்ன, பசியாறுவது எங்கே, யார் கூட, முதல் சிகரெட்டை யார் நீட்டுவார், அவருக்கு என்ன பதில்.

அதற்குப் பிறகு வருகிற ஆசைகள் நாளுக்கு நாள் வருவதில்லை. இடத்துக்கு இடம் வரும். பல மாதம் கழித்துக்கூட வரும், அதே ஐந்து நிமிஷத்தில் போகும். எனக்கு அதிகம் வருவது சாவு வீட்டில். ராத்திரி முழுக்க பந்தலில் ஆண்கள் உட்கார்ந்திருக்க, வெற்றிலை பாக்கோடு சிகரெட்டும் வைத்த தட்டு சுற்றி வரும். துக்கம், தூக்கமின்மை, பழைய கூட்டாளிகள், கையில் இலவசமாக ஒன்று. போகும் முன்பே வலது கையில் எதையாவது பிடித்துக்கொள்ளுங்கள். நான் தே ஓ குவளையைப் பிடித்துக்கொள்கிறேன். தட்டு வந்ததும் இடது கையால் வாங்காமல் விளிம்பைத் தொட்டு அடுத்தவர் பக்கம் நகர்த்திவிட்டு, எழுந்து போய் நாற்காலி அடுக்குகிறவர்களோடு சேர்ந்துகொள்கிறேன்.